தாளில் புதிர்ப்பாதை வரைபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் அக்கா மகன் பத்து வினாடியில் முடித்துவிடுகிறான்

ஃபெரிக்காரி | பட்டர்வொர்த் | செவ்வாய் இரவு 9:40

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் கேட்கிறேன்.

தினமும் காலையில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறேன். கைப்பேசியையே பார்த்துக் கண் எரிந்து போனதால் பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினேன். சிறுவர் இதழ்களில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று ஒரு பக்கம் வருமே, அது மாதிரி வரைய ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆகிறது, இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

நான் வரையும் முறை இதுதான். முதலில் வாசலிலிருந்து முடிவு வரை சரியான பாதையைப் பென்சிலால் நன்றாக வளைத்து வளைத்துப் போட்டுவிடுவேன். அப்புறம் மிச்ச இடங்களில் பொய்ப் பாதைகளை ஒட்டவைப்பேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் அதை வாங்கி, விரலைக் கூட வைக்காமல் கண்ணாலேயே போய், "முடிஞ்சிருச்சு சித்தி" என்கிறான். போன ஞாயிறு ஒரு முழு வாரம் வரைந்ததைக் கொடுத்தேன், அதற்கும் பத்து வினாடிதான். எப்படிடா என்றால், "உங்க பொய் ரோடெல்லாம் பார்த்தாலே தெரியுது" என்கிறான். என்னதான் தப்பு செய்கிறேன்?

ரோத்திபாவாங் | பிரிக்ஃபீல்ட்ஸ் | செவ்வாய் இரவு 9:58

கே.எல். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி மோனோரயில் பிடிக்கப் போகும் வழியை அப்படியே வரைந்து கொடுங்கள். நடுவில் ஒரு பேரங்காடியையே நுழைத்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை வருகிறவர் பத்து வினாடியில் முடித்துவிட்டால் என் செலவில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்).

நுனிப்பென்சில் | ஷா ஆலாம் | செவ்வாய் இரவு 10:31

பையன் சொன்னதுதான் பதில். விடையை முதலில் வரைவதுதான் உங்கள் தப்பு. நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். விடைப் பாதையை முதலில் போடும்போது தாளில் இருக்கும் நல்ல இடம் முழுவதையும் அது எடுத்துக்கொள்கிறது, நீளமாக, சுற்றிச் சுற்றி. அப்புறம் ஒட்டும் பொய்ப் பாதைக்கு மிஞ்சுவது சந்து பொந்துதான், இரண்டு கட்டம், மூன்று கட்டம், உடனே முட்டுச்சந்து. பிரியும் இடத்தில் நின்று பார்த்தாலே அந்த முட்டுச்சந்தின் சுவர் கண்ணில் படுகிறது, யார் அதற்குள் போவார்கள்? நோட்டை எடுத்துப் பாருங்கள். முட்டுச்சந்துகளில் பாதிக்கு மேல் நான்கு கட்டத்துக்குள் முடிந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பொய்ப் பாதைக்கும் தனிக் குடும்பம் வேண்டும். அதுவும் நீளமாகப் போய், அதுவும் பிரிந்து, பிரிந்த கிளையும் இன்னொரு தடவை பிரிய வேண்டும். ஒருவன் அதற்குள் முப்பது கட்டம் போன பிறகுதான் ஏமாந்தது தெரிய வேண்டும். அப்போதுகூட எந்தப் பிரிவில் வழி தவறினோம் என்று நினைவு இருக்கக் கூடாது. இன்னொன்று, மனுசனுக்கு முடிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கால் போகும். முடிவு வலது கீழ் மூலையில் என்றால் சரியான பாதை முதலில் இடது பக்கம் மேலே போகட்டும், வலது கீழே அழைக்கும் பாதை பொய்யாக இருக்கட்டும்.

அப்புறம் பையன் முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறானா என்று கவனியுங்கள். விவரமான பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் செய்யும். முன்பக்கம் கிளைகள் நிறைய, முடிவுப் பக்கம் ஒற்றைப் பாதை என்று வரைந்திருந்தால் பின்னாலிருந்து வருகிறவனுக்கு அது நேர் ரோடு.

ஃபெரிக்காரி | செவ்வாய் இரவு 10:50

எண்ணிப் பார்த்தேன். கடைசியாக வரைந்ததில் 31 முட்டுச்சந்து, அதில் 24 நான்கு கட்டத்துக்குள். பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அவன் பின்னாலிருந்துதான் வருகிறான் என்பதையும் இப்போதுதான் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், திருடன்!

ஆனால் விடையை முதலில் வரையவில்லை என்றால் வழி இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கட்டம்நோட்டு | செந்தூல் | செவ்வாய் இரவு 11:22

கணக்கு வாத்தியார் உள்ளே வரலாமா? உத்தரவாதம் இருக்கிறது, அதுவும் விடையைப் பற்றி யோசிக்காமலேயே. பாதையை வரையாதீர்கள், சுவரை வரையுங்கள்.

10க்கு 10 கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச் சுவரை முழுதாக மூடி ஒரு சதுரமாகப் போடுங்கள், இப்போதைக்கு வாசல் வேண்டாம். உள்ளே கட்டங்களின் மூலைகள் சேரும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. 9க்கு 9, மொத்தம் 81 புள்ளி வரும். இனி விதி ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு. எங்கேயாவது தனியாக நிற்கும் புள்ளியில் பென்சிலை வைத்து, மேலோ கீழோ பக்கத்திலோ, ஒவ்வொரு புள்ளியாக இழுத்துக்கொண்டே போங்கள். வெளிச் சுவரையோ, ஏற்கெனவே அதோடு சேர்ந்த கோட்டையோ தொட்டவுடன் நிறுத்துங்கள். போகிற வழியில் உங்கள் கோட்டை நீங்களே தொடக் கூடாது. பிறகு அடுத்த தனிப் புள்ளி. எல்லாப் புள்ளியும் சேர்ந்ததும் எண்ணினால் (ஒரு கட்ட நீளம் ஒரு கோடு) சரியாக 81 கோடு இருக்கும்.

இப்படி வரைந்தால் சுவர் எதுவும் தன்னையே சுற்றி மூடிக்கொள்ளாது, அதனால் அடைபட்ட அறை கிடையாது. எந்தச் சுவரும் தனியாக மிதக்காது, அதனால் சுற்றி வரும் பாதையும் கிடையாது. ஆகவே எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் வழி உண்டு, அதுவும் ஒரே ஒரு வழி. வாசலை எங்கே வேண்டுமானாலும் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். வரைந்தவருக்கே விடை தெரியாது, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

வாசலைக் கஷ்டமான இடத்தில் வைக்க வேண்டுமா? ஓரத்தில் ஏதோ ஒரு கட்டத்திலிருந்து 1, 2, 3 என்று எல்லாப் பாதையிலும் எண் போட்டுக்கொண்டே போங்கள். பெரிய எண் விழும் ஓரக் கட்டம் ஒரு வாசல். அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள், இப்போது பெரிய எண் விழும் ஓரக் கட்டம் அடுத்த வாசல். அதைவிடத் தூரமான ஜோடி அந்த ஓரத்தில் கிடையாது.

சின்னதாக ஆரம்பித்துப் பாருங்கள். 3க்கு 3 கட்டத்தில் 4 புள்ளிதான், ஒவ்வொன்றுக்கும் 4 திசை, ஆக 256. அதில் வட்டம் விழுவதைக் கழித்தால் 192 விதமான புதிர்ப்பாதை. 4க்கு 4 என்றால் 1,00,352. 5க்கு 5 என்றால் 557 மில்லியனுக்கு மேல். ஃபெரி எத்தனை தடவை போய் வந்தாலும் தீராது.

மாவரிசி | பத்துமலை | புதன் காலை 6:15

வாசல் தெளித்துவிட்டு வந்து படிக்கிறேன், வாத்தியார் தம்பி சொல்வதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. புள்ளி வை, கோடு இழு, ஒரு புள்ளியும் அநாதையாக நிற்கக் கூடாது. இதைத்தானே எங்கள் அம்மா தோட்டத்து லயத்து வாசலில் வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அங்கே சிமெண்டுத் தரை மூன்றடிதான் இருக்கும், அதில் அடங்குகிற மாதிரி ஏழு புள்ளிச் சிக்குக் கோலம்.

ஒரு வித்தியாசம் சொல்கிறேன். கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். தொட்டுவிட்டால் அம்மா காலால் அழித்துவிடுவார்கள். போட்டு முடித்த பிறகு நான் விரலை வைத்துக் கோட்டின் மேலேயே போவேன், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒற்றைக் கம்பி, இல்லாவிட்டால் இரண்டு மூன்று கம்பி பின்னிக் கிடக்கிறது என்று அர்த்தம். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் கலர் அரிசியில் போடுகிறார்களே, பெரிசு பெரிசாக, மயிலும் விளக்குமாக, அதில் இந்தச் சுகம் கிடையாது. (கோபிக்காதீர்கள், அதுவும் அழகுதான்.)

சரி, எனக்கு ஒரு சந்தேகம். தம்பி சொன்ன சுவர் முழுவதையும் ஒட்டி ஒரு கம்பி இழுத்தால் என்ன ஆகும்?

கட்டம்நோட்டு | புதன் காலை 7:05

அம்மா, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. வாசல் வெட்டாத புதிர்ப்பாதைக்குள் சுவரை ஒட்டியே கம்பி இழுத்தால் எல்லாச் சந்துக்குள்ளும் போய், எல்லா முட்டுச்சந்திலும் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வரும். ஒற்றைக் கம்பி! ஒரு புள்ளியையும் தொடாது. நீங்கள் போடுவது மாதிரியேதான், வளைவுகள் மட்டும் சதுரமாக இருக்கும்.

ரோத்திபாவாங் | புதன் காலை 8:12

எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு படிக்கிறேன். நம் ஆட்களுக்கு இது புதிதே இல்லை போலிருக்கிறதே. அபிமன்யு மாட்டிக்கொண்ட சக்கரவியூகமும் இந்த மாதிரிதானே, உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. கர்நாடகாவில் ஹளேபீடு கோயில் சுவரில் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், நேரில் பார்த்திருக்கிறேன்.

நுனிப்பென்சில் | புதன் காலை 10:40

அந்தச் சிற்பத்தில் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள் அண்ணே, ஒரு இடத்திலும் பாதை பிரியாது. கிரீட் தீவின் நாசஸ் நகரத்துப் பழைய காசுகளில் இருக்கும் ஏழு சுற்றுப் படமும் அதே ஜாதி. நம் ஊரில் ஏழு சுற்றுக் கோட்டை என்பதும் அதுதான். ஒரே பாதை, வளைந்து வளைந்து நடுவுக்குக் கொண்டுபோய் விடும், தொலையவே முடியாது. அபிமன்யுவைத் தடுத்தது பாதை இல்லை, ஆட்கள். ஃபெரிக்காரி வரைவது பிரிகிற பாதை. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

ஆனாலும் ஏழு சுற்றை ஒரு தடவை கையால் வரைந்து பாருங்கள், ஃபெரிக்காரி. நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலை இடங்களிலும், மடங்கும் முனை நடுவைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு ட வடிவ மடக்கு. அதற்கு வெளியே நான்கு புள்ளி, எல்லாம் சேர்ந்து ஒரு சதுரம் மாதிரி இருக்கும். இப்போது கூட்டல் குறியின் மேல் நுனியை வலது பக்கத்து அடுத்த நுனியோடு வளைத்துச் சேருங்கள் (புள்ளியும் ஒரு நுனிதான்). பிறகு இடது பக்கத்து அடுத்த நுனியை வலது பக்கத்து அடுத்ததோடு, அதற்கு மேலாக வளைத்து. இப்படியே எட்டு வளைவு. எட்டாவது வளைவு விழும்போது அது தானாகக் கோட்டையாக மாறி நிற்கும். முதல் தடவை எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாவரிசி | புதன் மதியம் 1:20

போட்டேன்! மாவிலேயே போட்டேன். நான்கு புள்ளியிலிருந்து இவ்வளவு பெரிசு வருமா. பக்கத்து வீட்டு அங்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஆயா, இதென்ன காதா?" என்கிறார்.

ஃபெரிக்காரி | வியாழன் இரவு 10:05

வாத்தியார் முறையில் நேற்றும் இன்றும் வரைந்தேன். ஃபெரி லேசாக ஆடியதில் கோடெல்லாம் நெளிந்திருக்கிறது, பரவாயில்லை. பையனிடம் கொடுத்தேன்.

பத்து வினாடி போனது. ஒரு நிமிடம் போனது. முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பத்து நிமிடம் கழித்து எழுந்து போய்ப் பச்சைக் கலர் பென்சிலோடு வந்தான். ஒவ்வொரு முட்டுச்சந்தாகப் பிடித்து, அது பிரிந்த இடம் வரை பச்சை அடித்து மூடினான். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். மூடியதால் புதிதாக முட்டுச்சந்து ஆனதையும் மூடினான். இப்படியே மூடிக்கொண்டே போனால் கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதுதான் வழி, சரியா? ஆனால் மிஞ்சவில்லை. வாசல் கட்டம் வரைக்கும் பச்சை. தாளை என் முன்னால் வைத்து, "சித்தி, இதுல வழியே இல்ல, நீங்க ஏமாத்துறீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

வாத்தியாரே, உத்தரவாதம் என்றீர்களே?

கட்டம்நோட்டு | வியாழன் இரவு 10:18

கோடுகளை எண்ணுங்கள்.

ஃபெரிக்காரி | வியாழன் இரவு 10:31

82.

கட்டம்நோட்டு | வியாழன் இரவு 10:34

அந்த 82ஆவது கோடுதான் ஏமாற்றுக்காரி. ஏற்கெனவே சேர்ந்த ஒரு சுவரிலிருந்து ஏற்கெனவே சேர்ந்த இன்னொரு சுவருக்கு இழுத்திருக்கிறீர்கள், அது ஒரு பக்கத்தை அப்படியே பூட்டிவிட்டது. பூட்டிய பக்கத்துக்கும் மற்ற பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் சுவரில் எங்காவது ஒரு கோட்டை அழியுங்கள், வழி திறந்துவிடும். அவனிடம் சொல்லுங்கள், வழி இல்லை என்பதைக் காட்டுவது வழியைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய வேலை. என் வகுப்பில் இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நுனிப்பென்சில் | வெள்ளி காலை 11:15

இப்போது வாத்தியாரோடு சண்டை போடும் நேரம். உங்கள் முறை சுத்தமானது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லாச் சுவரும் வெளிச் சுவரோடு சேர்ந்திருப்பதால், வலது கையைச் சுவரில் வைத்து எடுக்காமல் நடந்தால் போதும், மூளையே வேண்டாம், கட்டாயம் வெளியே வந்துவிடலாம். அதைவிட மோசம் ஒன்று சொல்லட்டுமா? இரண்டு வாசல் வெட்டியதும் சுவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும், வலப்பக்கச் சுவர்கள், இடப்பக்கச் சுவர்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடியுங்கள். சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடைவெளிதான் விடை, பளிச்சென்று தெரியும். பச்சைப் பென்சில்காரன் இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?

இங்கிலாந்தில் ஹாம்டன் கோர்ட் அரண்மனை வேலிப் புதிர்ப்பாதையிலும் கையைச் சுவரில் வைத்தே நடுவுக்குப் போய்விடலாம். 1700ஐ ஒட்டி நட்டது அது. பிறகு கென்ட் பகுதியில் செவனிங் என்ற மாளிகையில், இந்தக் கை வைக்கும் தந்திரம் பலிக்கக் கூடாது என்றே ஒன்றை அமைத்தார்கள். அதன் சூட்சுமம் தீவு. முடிவு ஓரத்தில் இருக்கக் கூடாது, நடுவில் இருக்க வேண்டும். நடுவைச் சுற்றியுள்ள சுவர்கள் வெளிச் சுவரோடு எங்கேயும் சேரக் கூடாது. அப்போது கையை வைத்து நடக்கிறவன் வெளிக் கூட்டத்தை மட்டும் சுற்றிவிட்டு வாசலுக்கே திரும்பி வருவான்.

கட்டம்நோட்டு | வெள்ளி மதியம் 2:50

தீவு வைத்தால் சுற்றிவரும் பாதை வந்துவிடும், ஒரே விடை என்பது போய்விடுமே. இரண்டு விடை இருக்கும் கணக்கைத் தேர்வில் கொடுத்தால் பெற்றோர் பள்ளிக்கே வந்துவிடுவார்கள்.

நுனிப்பென்சில் | வெள்ளி மாலை 3:10

இது தேர்வு இல்லையே வாத்தியாரே, விளையாட்டு. சுற்றிவரும் பாதைதான் ஆளைக் குழப்பும். முட்டுச்சந்து "தப்பு" என்று முகத்தில் அடித்துச் சொல்லிவிடுகிறது. வட்டப் பாதை ஒன்றும் சொல்லாது, நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றிரண்டு தீவுதான், அளவு மிஞ்சினால் எந்தப் பக்கம் போனாலும் வழி கிடைத்து, புதிரே செத்துவிடும்.

ரோத்திபாவாங் | வெள்ளி மாலை 6:30

மாமாக் கடையில் ரசீதின் பின்பக்கம் 5க்கு 5 போட்டுப் பார்த்தேன், 16 புள்ளி. ரோத்தி வருவதற்குள் முடிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதை வாங்கித் தீர்த்துவிட்டு, அவர் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போட்டது இன்னும் எனக்குத் தீரவில்லை. கோட்டை எண்ணினேன், 16தான், குறை சொல்லவும் வழி இல்லை.

ஃபெரிக்காரி | ஞாயிறு இரவு 8:45

இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி ஒன்று வரைந்தேன். 20க்கு 20. வெளிப்பக்கம் முழுக்க வாத்தியார் முறை, நடுவில் மட்டும் ஒரு தீவு, வெளிச் சுவரோடு எங்கேயும் ஒட்டாமல். வாசலில் பட்டர்வொர்த் என்று எழுதினேன், நடுவில் தீவில் இருக்கும் கொம்தார் கோபுரத்தை வரைந்தேன். சனிக்கிழமை முழுவதும் அதற்கே போனது, மதியம் சமைக்கவில்லை, அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன்.

பையன் இந்தத் தடவை பச்சைப் பென்சிலை எடுக்கவில்லை. யாரோ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வலது பக்கச் சுவரை விட்டு விரலை எடுக்காமல் போக வேண்டும் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சந்துக்குள்ளும் போய்த் திரும்பி, விரல் நுனியெல்லாம் பென்சில் கறுப்பாகி, கால் மணி நேரம் போனான். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்தார் பக்கத்துச் சந்து வரை வந்தான், தாண்டிப் போனான், கீழே இறங்கினான், நின்றான்.

"சித்தி, நான் மறுபடியும் பட்டர்வொர்த்துக்கே வந்துட்டேன்."

தினமும் அதுதான்டா என் பிழைப்பு என்றேன். விடை கேட்டான், கொடுக்கவில்லை. தாளை மடித்துப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மாவரிசி | ஞாயிறு இரவு 9:10

எனக்கும் ஒன்று அனுப்பு மகளே. நோட்டுக் கட்டம் எனக்குக் கண்ணுக்குத் தெரியாது, பெரிசாக வேண்டும்.

ஃபெரிக்காரி | ஞாயிறு இரவு 9:14

நாளைக்கு அலுவலகத்தில் பெரிய தாளில் நகல் எடுத்து அனுப்புகிறேன் அம்மா. பையன் தாளைத் திருப்பிக் கொடுத்தால்.